கோடு போட்ட டம்ளர்

அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். மறந்துபோனதால் இல்லை. அவர் எங்கள் பெயரை எழுதவில்லை, அதனால். அவருடைய ஆராய்ச்சித் தாள்களில் செஞ்சி தாலுகாவின் தோல் வியாதிக்காரர்கள் எல்லோரும் வெறும் எண்களாகத்தான் இருந்தோம். பெயர் வெளியே போகக் கூடாது என்பது விதியாம். என் பெயர் வெளியே போனால் என்ன குடி முழுகிவிடும்? திண்டிவனம் ரோட்டில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவன் நான். பலகையில் என் பெயர் சிவப்புப் பெயின்டில், என்னைவிட உயரமாக நிற்கிறது. ஆனாலும் அவர் கடைசிவரை காப்பாற்றினார். பதிலுக்கு நானும் காப்பாற்றுகிறேன். மேடம் என்றால் போதும்.

மேடத்துக்கு நாற்பது வயது இருக்கலாம். கோயம்புத்தூர்ப் பக்கம். எங்கோ ஒரு மருத்துவக் கல்லூரி அவரை இங்கே அனுப்பியிருந்தது. பிரஷருக்குக் கொடுக்கிற ஒரு வகை மாத்திரைக்கும் சொரியாசிஸ் என்கிற தோல் வியாதிக்கும் தொடர்பு உண்டா, அந்த மாத்திரை சாப்பிட்டால் வியாதி கூடுகிறதா என்று ஊர் ஊராகப் போய்க் கேட்பது அவர் வேலை. வியாதி என்னவென்று தெரியாத புண்ணியவான்களுக்குச் சொல்கிறேன். தோல் சிவந்து தடிக்கும். மேலே வெள்ளி நிறத்தில் மீன் செதில் மாதிரி உரியும். அரிக்கும். ஒரு மாதம் போய்விட்டது போல இருக்கும், மறுமாதம் சூட்கேஸோடு திரும்பி வந்து உட்காரும்.

என் ஸ்கூலுக்கு மேலே மாடியில் ஒற்றை அறை காலியாக இருந்தது. அங்கேதான் குடிவந்தார். ஒரு பெட்டி, ஒரு ஸ்டவ், பிரஷர் பார்க்கிற கருவி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஸ்கூலுக்குப் பின்னாலேயே என் வீடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அந்த நாற்காலியை இழுத்து மொட்டைமாடிச் சுவர் ஓரம் போட்டு, ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இழுக்கிற சத்தம் கீழே எனக்குக் கேட்கும். போன் பேசுகிற சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை.

மேடத்திடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். “சொல்ல முடியாதுங்க.”

மழை வருமா மேடம்? சொல்ல முடியாதுங்க. அவலூர்பேட்டை பஸ் போய்விட்டதா? போயிருக்கலாமுங்க. இங்கேயே இருந்துவிடுவீர்களா? சொல்ல முடியாதுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸை நடத்துகிற அக்கா முதல் நாள் சாம்பார் ஊற்றிவிட்டு எப்படி இருக்குது என்று கேட்டாராம். இன்னும் நாலு நாள் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாராம் மேடம். அக்கா அதை ஒரு வாரம் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். எங்கள் ஊரில் ஜோசியரும் உறுதியாகச் சொல்வார், புரோக்கரும் உறுதியாகச் சொல்வார், நிலத்தையே பார்க்காதவனும் எத்தனை அடியில் தண்ணீர் என்று உறுதியாகச் சொல்வான். இப்படி ஒரு ஆளை நாங்கள் பார்த்ததில்லை.

என் கதைக்கு வருகிறேன். காசு வாங்கிக்கொண்டு, நம்மைக் கொல்லப் பார்க்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தொழில் என்னுடையது. பிரஷர் வந்ததில் ஆச்சரியமில்லை. தோலில் வந்ததுதான் என்னை ஆட்டிவைத்தது. முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் செதில் எழும்பியது. பேட்டரி ஆசிட் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் தொழுநோய் என்று முடிவுக்கு வந்தேன். அதற்கு மறுநாள் கேன்சர். நடுவில் ஒரு மத்தியானம் முழுக்க, வளத்தி ரோட்டில் என் கார் உரசிப்போட்ட முனீஸ்வரன் கோயில் வேலிதான் காரணம் என்று நம்பி, சூடத்தோடு போய் மன்னிப்புக் கேட்டுவிட்டும் வந்தேன். ஆஸ்பத்திரியில் சொரியாசிஸ் என்று சொன்னபோது நிம்மதியாக வீட்டுக்கு வந்திருக்கலாம். நான் போனில் என் பிரஷர் மாத்திரையின் பெயரைத் தட்டினேன். தட்டியிருக்கக் கூடாது. இந்த மாத்திரைக்கும் அந்த வியாதிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று இங்கிலீஷில் என்னென்னமோ வந்தது. ‘இருக்கலாம்’ என்பதை நான் படிக்கவே இல்லை. என் கண்ணுக்குக் குற்றவாளி மட்டும்தான் தெரிந்தான்.

அதற்குள் செதில் கைக்கும் இறங்கியிருந்தது. செஞ்சி வெயிலில், மூன்று மலையும் அடுப்புக்கல் மாதிரி ஊரைச் சூழ்ந்து கொதிக்கிற சித்திரை மாதத்தில், நான் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பட்டன் மாட்டிக்கொண்டு திரிந்தேன். கியர் பழகுகிற பையன்கள் கைமேல் என் கையை வைத்து அழுத்திக் காட்டுவது வழக்கம். அதை விட்டுவிட்டு ஒரு மர ஸ்கேலால் தட்ட ஆரம்பித்தேன். மாஸ்டர் ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்று புதிதாகப் பெயர் வந்தது. சேர்க்கைகூட ஏறியது.

மேடம் என்னைக் கேள்வி கேட்க மாடியிலிருந்து இறங்கி வந்த அன்று, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன் மாதிரி தயாராக இருந்தேன். பிரஷர் பார்த்தார். சட்டையை மடித்துவிடச் சொன்னார். நான் பட்டனைத் தடவிக்கொண்டே இருந்தேன். அவராகவே கழற்றி, என் முழங்கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கையுறை இல்லை. அந்த இடத்தை நானே சோப்பு வழியாகத்தான் தொட்டுக்கொண்டிருந்தேன்.

“ஒட்டாதுங்க,” என்றார்.

“மேடம்?”

“இது தொட்டா ஒட்டற வியாதி இல்லீங்க.”

அதற்கு முன்னாலோ பின்னாலோ ‘இருக்கலாம்’ எதுவும் வரவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. என் அவசரம் எனக்கு.

எது முதலில் வந்தது, மாத்திரையா தோலா என்று கேட்டார். மாத்திரைதான் என்று அடித்துச் சொன்னேன். மாத்திரை ஆரம்பித்தது மேல்மலையனூர்த் தேருக்கு முன்னால், முழங்கை அரித்தது தேருக்குப் பின்னால் என்று சாமியையும் சாட்சிக்கு இழுத்தேன். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, தாம்பரத்தில் மகள் வீட்டில் இருந்த என் மனைவி போனில் கூப்பிட்டாள். பெரிய மனுஷத்தனமாக ஸ்பீக்கரில் போட்டு, மேடத்துக்கு நீயே சொல்லு என்றேன்.

“இன்னாங்க கதை வுடறீங்க? நம்ம பொண்ணு நிச்சயத்தன்னிக்கே தலைய சொரிஞ்சிக்கினு நின்னீங்க. போட்டோவுலயே அப்பிடித்தான் இருக்கீங்க. கல்யாண அலைச்சல்லதான பிரஷரே வந்துச்சி உங்களுக்கு.”

மேடம் எழுதியதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதினார். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் கோபிக்கவில்லை. “எல்லாருமே மாத்திரையத்தான் முதல்ல சொல்றாங்க. தோலு எப்ப ஆரம்பிச்சுதுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்கறதில்லீங்க,” என்றார். முன்பே லேசாக இருந்தது பிறகு கூடியதா என்பதுதான் தனக்கு வேண்டிய விஷயம் என்றும் சொன்னார். கூடியது என்று சத்தியம் செய்தேன். அப்படியானால் மாத்திரைதானே மேடம் காரணம் என்றேன்.

“சொல்ல முடியாதுங்க.”

மாடிப்படியில் அவர் ஏறிப்போகிற சத்தம் கேட்டபோது, இவருக்குச் சம்பளம் எதற்கு என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் நானும் தனியாள்தான். மகளுக்குப் பிரசவம் ஆகி, மனைவி தாம்பரத்தில் அவளோடு இருந்தாள். நானும் மெஸ்ஸில்தான் சாப்பாடு. பல நாள் மேடமும் நானும் ஒரே நேரத்தில் போய், இரண்டு மேசை தள்ளி உட்காருவோம். ஒருநாள் கூட்டம் அதிகம். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. டீ வந்தது. பேச்சுவாக்கில் அவர் பக்கத்து டம்ளரை எடுத்துவிட்டேன். அவர் என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“இது என்னோடதுங்க. கோடு இருக்குது பாருங்க,” என்று விளிம்பைத் திருப்பிக் காட்டினார்.

எவர்சில்வர் விளிம்புக்குக் கீழே ஆணியால் இழுத்த மாதிரி சின்னக் கோடு. எங்கள் ஊர் மெஸ்ஸில் யாருக்கும் சொந்த டம்ளர் கிடையாது. கல்லாவில் இருந்த அக்காவைப் பார்த்தேன். அக்கா அவசரமாக ஜன்னல் பக்கம் பார்த்தார். ஊரில் உள்ள செதில் பிடித்தவர்கள் கையையெல்லாம் மேடம் வெறும் கையால் தொடுகிறார் என்பது மெஸ்ஸில் சாப்பிடுகிற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேடம் அந்த டம்ளரில் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். முழுக்கைச் சட்டைக்குள் இருந்த எனக்குக் கோடில்லாத டம்ளர். அதை வாயருகே கொண்டுபோகவே கூச்சமாக இருந்தது. குடித்துவிட்டேன் என்பது வேறு.

ஒருநாள் அவருக்குத் தொண்டூர் போக வேண்டியிருந்தது. பஸ் தவறிவிட்டது. எல் போர்டு காரிலேயே கூட்டிப்போனேன். ரோட்டில் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள், அந்தப் பலகைக்கு மரியாதை அப்படி. ஊர் ஓரத்தில் ஒரு வீட்டு வாசலில் வயதான புருஷனும் பெண்டாட்டியும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார்கள். கிழவருக்கு இரண்டு உள்ளங்கையும் வெடித்துச் செதிலாக இருந்தது. அவருடைய தட்டும் சொம்பும் தனியாக வெளிச்சுவர் மாடத்தில். மேடம் தரையிலேயே உட்கார்ந்து அவருடைய இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். கிழவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. ஒட்டாதுங்க என்று மேடம் சொன்னது அவருக்கு இல்லை. மாடத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டே கிழவிக்குச் சொன்னார். கிழவி தலையைக் குனிந்துகொண்டு உடைத்த மல்லாட்டையையே மறுபடி உடைத்தார்.

பிறகு மாத்திரை பற்றிக் கேட்டார். மாதாமாதம் நர்சம்மா வீட்டுக்கே வந்து கொடுக்கிற பிரஷர் மாத்திரை. சீட்டு கிழவர் பெயரில் இருந்தது. தினமும் போடுகிறீர்களா ஐயா என்றதற்கு, போட்டுக்கினுதான் இருக்குது என்றார் கிழவர். மேடம் எழுதப் போனார். அப்போதுதான் கிழவி நிமிர்ந்தார்.

“நான்தாம்மா போட்டுக்கறேன். அவருக்கு இன்னாத்துக்கு? கல்லு மாதிரி கீறாரு. எனக்குத்தான் தலை சுத்துது.”

“உங்களுக்குப் பிரஷர் பாத்தாங்களாம்மா?”

“எனக்கு யாரு பாத்தா? நர்சம்மா வர்ற நேரம் நான் காட்டுல இருக்கறேன். ஒரே வூடுதான. யாராச்சும் ஒருத்தர் முழுங்கினா சரி.”

நான் சிரித்துவிட்டேன். மேடத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அவர் பேனா மூடியைப் போட்டார், கழற்றினார், போட்டார். பிறகு கிழவிக்கு அங்கேயே பிரஷர் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து நர்சம்மாவைப் பார்க்க வேண்டும், அதுவரை ஒருவர் மாத்திரையை ஒருவர் தொடக் கூடாது என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். காரில் திரும்பினோம். வயல்களுக்கு நடுவில் பாறைகள் போய்க்கொண்டே இருந்தன.

“யாரு வாங்கறாங்கன்னுதான் எல்லார்த்தையும் கேட்டேனுங்க. யாரு முழுங்கறாங்கன்னு கேக்கவே இல்ல,” என்றார்.

எங்கள் பக்கத்தில் பிரஷர் மாத்திரை என்பது குடும்பச் சொத்து. தலை சுற்றுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இது எங்களுக்கு ஒரு சேதியே இல்லை, அதனால்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அத்தனை மாதமும் அலைந்து அவர் எழுதியதில் எது புருஷன் தோல், எது பெண்டாட்டி மாத்திரை என்று இனிமேல்தான் பிரிக்க வேண்டும். யாருக்குத் தெரியப்போகிறது, அப்படியே விட்டுவிடுங்கள் மேடம் என்றேன், ஆறுதலாகத்தான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்குத் தானாகவே கால் பிரேக்குக்குப் போயிற்று. மறுநாளிலிருந்து முதலிலிருந்து தொடங்கினார். அதே ஊர்கள், அதே வாசல்கள், அதே பஸ். இந்தம்மாவுக்கு வேற வேலை இல்லையா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சாயங்காலம் கோடு போட்ட டம்ளரில் டீ.

இதற்குள் என் பேத்திக்கு இரண்டு மாதம் முடிந்து, நான் இன்னும் போய்ப் பார்க்காமல் இருந்தேன். ஸ்கூலில் டெஸ்ட் நேரம், அட்மிஷன் நேரம், காருக்குக் கிளட்ச் போச்சு என்று காரணங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். நிஜக் காரணம் வேறு. ஒருநாள் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது. “அவருக்குக் கையில இன்னாமோன்னு சொன்னாங்களே, ஆறிடுச்சாமா? பச்சப்புள்ள பாரு.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அன்று கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். கை, முழங்கை, தலையோரம், முதுகில் புதிதாக ஒன்று. இந்தக் கையில் யார் குழந்தையைக் கொடுப்பார்கள்? மேடம் சொல்ல முடியாது என்றால் இருக்கட்டும், நானே சொல்லிவிடுகிறேன் என்று மாத்திரையை நிறுத்தினேன். குற்றவாளியை ஊர்விலக்கம் செய்தாயிற்று. செதில் போனதும் தாம்பரம் போவதாகத் திட்டம். தினமும் காலையில் காரின் பக்கக் கண்ணாடியில் முழங்கையைக் காட்டிப் பார்ப்பேன். அந்தக் கண்ணாடியில் எல்லாமே இருப்பதைவிடச் சின்னதாகத் தெரியும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான்தான். எனக்கு மட்டும் செதில் சின்னதாகிவிட்டதாகச் சந்தோஷம்.

சில நாளில் நெஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தாத்தா ஆன பூரிப்பு என்று வைத்துக்கொண்டேன். திருவண்ணாமலை ரோட்டில் ரேஷன் கடை ஊழியர் ஒருவருக்கு வண்டி பழக்கிக்கொண்டிருந்தபோது, மூன்று மலை இருக்கிற ஊரில் எனக்கு ஆறு மலை தெரிந்தது. என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். எதற்கு மிதித்தேன் என்று தெரியவில்லை. வியர்வை கொட்டியது. அதுவரை நேராக ஓட்டத் தெரியாத அந்த மனிதர், பாவம், பயத்தில் அற்புதமாக ஓட்டி ஸ்கூல் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்கு அன்றே லைசென்ஸ் கொடுத்திருக்கலாம். நிறுத்தியவர் நேராக மாடிக்கு ஓடினார்.

மேடம் இறங்கி வந்து என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். முகம் மாறியது.

“ஏனுங்க மாஸ்டர், மாத்திரை போடறீங்களா?”

“மாத்திரையா? அது வந்து மேடம், சொல்ல முடியாதுங்க,” என்றேன். சாகிற நேரத்திலும் எனக்கு நக்கல் போகாது.

“இது சொல்ல முடியுமுங்க,” என்றார். குரல் உயரவில்லை. “அந்த மாத்திரைய டாக்டர் சொல்லாம பட்டுனு நிறுத்தவே கூடாது. நிறுத்தினா நெஞ்சு தாங்காதுங்க. இதுல இருக்கலாம், இல்லாம போலாம்னு ஒண்ணுமே கிடையாது. ஏறுங்க வண்டியில.”

ரேஷன் கடைக்காரரே ஓட்டினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போடுவதற்கு முன் வாயாலேயே போட்டார். போனில் படித்து வைத்தியம் பார்ப்பதென்றால் இங்கே எதற்கு வருகிறாய் என்றார். தோல் கூடுகிறது என்று வந்து சொல்லியிருந்தால் பார்த்து, மெதுவாக வேறு மாத்திரைக்கு மாற்றியிருக்கலாமே, அதற்கு வழி இருக்கிறதே என்றும் சொன்னார். அதை எந்தப் போனும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியும் நான் படிக்காமல் விட்டிருக்கலாம்.

பிரஷர் இறங்கும்வரை படுக்கவைத்தார்கள். பக்கத்து பெஞ்சில் மேடம் உட்கார்ந்திருந்தார். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நான் வந்து கேள்வி கேட்டதாலதானுங்க நீங்க நிறுத்துனீங்க,” என்றார்.

“அது சொல்ல முடியாது மேடம். எங்கிட்ட போனும் இருக்குது.”

அவர் சிரிக்கவில்லை. இன்னும் எத்தனை பேர் இப்படி நிறுத்தியிருப்பார்களோ என்றார். மூன்றாவது முறையாகவும் எல்லா வாசலுக்கும் போகப்போகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்படித்தான் போனார், கையில் ஒரு தாளும் இல்லாமல், நிறுத்தாதீர்கள் என்று சொல்ல மட்டும்.

எதற்காக நிறுத்தினேன் என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். பேத்தியை, சம்பந்தியம்மாவை, காரணங்களின் வரிசையை, எல்லாவற்றையும். படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துப் பேசியதால் கொஞ்சம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. தலையணை ஈரமானதற்கு அது மட்டும் காரணமில்லை, ஃபேன் ஓடவில்லை. கடைசியில் கேட்டேன்.

“புள்ளைய நான் தூக்கலாமா மேடம்?”

“தூக்கலாமுங்க.”

“ஒருவேளை ஏதாவது...”

“ஒட்டாதுங்க. கைய நல்லா கழுவிட்டுத் தூக்குங்க, அது எல்லாருக்கும்தான். அரைக்கைச் சட்டை போட்டுட்டுப் போங்க. மறைச்சா அவங்களுக்குப் பயம் போகாது.”

அப்படிச் சொல்லிவிட்டு, வெளிவராண்டாவில் நின்ற நாலு பேர் பார்க்க, செதில் மூடிய என் கைமேல் தன் கையை வைத்தார். நான் கியர் பழக்குகிறபோது வைப்பேனே, அந்த மாதிரி.

புது மாத்திரை பழகி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு தாம்பரம் போனேன். அரைக்கைச் சட்டை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். எனக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. வீட்டில் சம்பந்தியம்மா என் முழங்கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி முழங்கை. நான் தயார் செய்து வைத்திருந்த விளக்கத்தை ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் மகள் எழுந்து வந்து குழந்தையை என் கையில் வைத்தாள். “புடி நைனா,” என்றாள், காய்கறிப் பையைக் கொடுப்பதுபோல. விழுந்துவிடும் என்ற பயத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் தலையணை போடச் சொன்னேன். “ஸ்டியரிங்கப் புடிக்கிற மாதிரி புடிக்காதீங்க,” என்றாள் என் மனைவி. பேத்தி என் முழங்கைச் செதிலை விரலால் நிரடிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய், தூங்கிவிட்டாள். சம்பந்தியம்மாதான் அதை போட்டோ எடுத்தார்.

அந்தப் போட்டோவை மேடத்திடம் காட்ட வேண்டும் என்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேராக மாடி ஏறினேன். பூட்டியிருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்களாம். காலை பஸ்ஸில் போய்விட்டார். வழியனுப்ப யாரும் போகவில்லை. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்து போனதாக எதிர்க்கடைக்காரர் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் மொட்டைமாடியில், மலையைப் பார்த்தபடி கிடந்தது.

பிறகு ஒருமுறை போனில் கிடைத்தார். பின்னால் பஸ் சத்தம், வேறு ஏதோ ஊர். ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று கேட்டேன். தொடர்பு இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, இன்னும் நிறையப் பேரைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்குத் தோல் குறைந்திருக்கிறது மேடம் என்றேன். சந்தோஷமுங்க என்றார். மாத்திரை மாற்றியதாலா, களிம்பாலா, பனிக்காலம் போனதாலா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் பதில் தெரியும். சாப்பாடெல்லாம் அங்கே எப்படி மேடம் என்று கேட்டேன். பழகிக்குமுங்க என்றார். பஸ் வந்துவிட்டது.

மனைவி இன்னும் தாம்பரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே சத்தம் எதுவும் கேட்பதில்லை. கியர் பழகுகிறவன் கைமேல் மறுபடி கையை வைக்கிறேன். ஒன்றிரண்டு பேர் வேறு ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள்.

போன வாரம் மெஸ்ஸில் டீ கேட்டேன். அரைக்கைச் சட்டை. அக்கா கொஞ்சம் தயங்கினார். டீ வந்தது. விளிம்புக்குக் கீழே சின்னக் கோடு. நான் எடுத்துக் குடித்தேன். குடித்துக்கொண்டே போனை எடுத்து, என் செதில் கையில் பேத்தி தூங்குகிற போட்டோவைக் கல்லாமேல் வைத்தேன். அக்கா குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மாஸ்டரே, இந்தக் கோடு எதுக்குன்னு அந்தம்மாவுக்குத் தெரியாது இல்ல?”

சொல்ல முடியாது என்று வாய்வரை வந்தது. அக்காவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

“தெரியும்,” என்றேன்.